இமையில் வைத்த முட்டை

1

இந்தக் கதை ஒரு மின்விசிறிச் சண்டையில் பிறந்தது. சொல்ல எனக்கு வெட்கமில்லை. தங்கள் கதைகள் எங்கே பிறந்தன என்று மேடையேறி உருகிப் பேசும் எழுத்தாளர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு மின்விசிறியை யார் துடைக்கிறார்கள் என்றும் தெரியும்.

காலைச் சாப்பாட்டு நேரம். நான் விசிறியை ஐந்தில் வைத்தேன். வீட்டுக்காரர் எழுந்து போய் இரண்டில் வைத்தார். நான் திரும்ப ஐந்தில் வைத்தேன். அவருக்குப் பேப்பர் பறக்கிறதாம். எனக்கோ நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காதுமடலில் வந்து நின்றது. தலைமுடிக்குள் வேர்த்து ஒழுகியது. அவர் மறுபடியும் எழுந்தபோது நான் அந்தப் பேப்பரைப் பிடுங்கி, நாலாகக் கிழித்து, [      ] உள்ளே போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

[இந்த இடத்தில் ஒரு சொல் வர வேண்டும். சமையலறையில் குழாய்க்குக் கீழே இருக்குமே, பாத்திரம் போட்டுக் கழுவுவோமே, தினமும் பத்துத் தடவை சொல்கிற சொல். பிறகு நிரப்பிக்கொள்கிறேன்.]

அவர் கத்தவில்லை. பதிலுக்குக் கத்தியிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும், இந்தக் கதையும் எழுதப்படாமல் போயிருக்கும். நனைந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டே அமைதியாக, "அப்படியே உங்கம்மா மாதிரி ஆயிட்ட" என்றார்.

எங்கள் அம்மாவுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் குக்கர். "குக்கர் விசில் அடிக்கப் போகுது, எல்லாரும் ஒதுங்கிக்கங்க" என்று அப்பா சொல்வார். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா ஒரு வருஷம் முழுக்க வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டுதான் காய் நறுக்கினாள். போர்வையை உதறி எறிவாள், கொஞ்ச நேரத்தில் குளிருகிறது என்று தேடுவாள். அவளுக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. அவள் நகையைப் பாகம் பிரித்துக்கொண்டோம், பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம். இந்த ஒரு தகவலை மட்டும் எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே கோபமாக உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதக் கூடாது, ஆறப்போட்டு எழுத வேண்டும் என்பார்கள். ஆற மாட்டேன் என்கிறதே, அதுதானே இங்கே பிரச்சினை.

2

மூன்று தொடக்கங்களை எழுதி அடித்தேன். அடித்தவற்றை ஒளிக்கப் போவதில்லை.

முதலாவது: 'அவளுக்குள் ஒரு கோடை நுழைந்தது. அது போக மறுத்தது. அவள் வாழ்வின் இலையுதிர் காலத்தில் வந்த அந்த'

நிறுத்திவிட்டேன். மனுஷிக்கு வேர்க்கிறது என்று சொல்ல எத்தனை பருவங்கள் வேண்டும்?

இரண்டாவது: 'மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஒரு பெண்ணின் உடலில் பல மாற்றங்கள்'

இது ஆஸ்பத்திரிச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது என்று அடித்தேன். அடித்த பிறகு யோசித்தேன். இப்படி ஒரு சுவரொட்டியை எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலாவது நான் பார்த்திருக்கிறேனா? தாய்ப்பாலுக்கு உண்டு, சர்க்கரைக்கு உண்டு, மூட்டுவலிக்கு உண்டு, கொசுவுக்குக்கூட உண்டு. ஆகவே அந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன். யாராவது எடுத்து எங்காவது ஒட்டட்டும்.

மூன்றாவது தொடக்கம் என்னுடையதே அல்ல. கதை கேட்ட பத்திரிகை ஆசிரியருடையது. "பெண்கள் சிறப்பிதழ் மேடம். கொஞ்சம் நம்பிக்கையா, கொஞ்சம் லைட்டா இருந்தா நல்லாருக்கும். நீங்க சொன்ன விஷயத்தை நேரடியா வைக்காம பூடகமா கொண்டுவந்துடுங்க. வாசகிங்க புரிஞ்சுப்பாங்க" என்றார். அவர் நல்ல மனிதர். பூடகமாக வைத்து வைத்துத்தான் எங்கள் அம்மா வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பூடகமாக ஒரு வரி எழுதிப் பார்த்தேன். எனக்கே புரியவில்லை.

எனவே நேரடியாக: என் அக்கா கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.*

* கோழி, முட்டை, அடைகாப்பு என்றதும் ஆய்வாளர்கள் பென்சிலைச் சீவத் தொடங்குவார்கள். கருமுட்டை, கருப்பை, குறியீடு என்று ஓரத்தில் எழுதுவார்கள். தயவுசெய்து பென்சிலைக் கீழே வையுங்கள். அது அவள் வேலை பார்க்கிற இடம். அவள் தபால் நிலையத்தில் இருந்திருந்தால் கதையும் தபால் நிலையத்தில் நடந்திருக்கும். அவள் செய்த தப்பு மட்டும் நடந்திருக்காது.

3

பொரிப்பகத்தில் ஆளுயர இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். இன்குபேட்டர் என்று பெயர். உள்ளே ட்ரே ட்ரேயாக முட்டைகள் மூன்று வாரம் இருக்கும். தாய்க்கோழி வயிற்றின் சூடு எவ்வளவோ அவ்வளவு சூடு உள்ளே இருந்தாக வேண்டும். ஒரு டிகிரி கூடினால் குஞ்சு அரைகுறையாக முந்திக்கொண்டு வரும். குறைந்தால் பிந்தும், இல்லையென்றால் வரவே வராது. பெட்டியின் முகப்பில் ஒரு மீட்டர் பச்சை எண்களில் சூட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அக்கா அந்த மீட்டரை நம்ப மாட்டாள். ட்ரேயை இழுத்து, ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி, இமைமேல் வைத்துப் பார்ப்பாள். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்தான். சூடு சரியாக இருந்தால் இமைக்கு இதமான ஒரு கதகதப்பு தெரியும். கூடினால் சுரீர் என்னும். குறைந்தால் ஒன்றுமே தெரியாது. இது அவள் கண்டுபிடித்ததல்ல, அந்தத் தொழிலில் பழகியவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் ஒருமுறை மீட்டர் பழுதாகி, எல்லாம் சரி என்று பொய் காட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா முட்டையை இமையில் வைத்துப் பார்த்து, பெட்டி கொதிக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டு ஒரு ஈடு முட்டை முழுவதையும் காப்பாற்றினாள். அன்றிலிருந்து அவள் பெயர் தெர்மாமீட்டர். "மீட்டர் பொய் சொல்லும், நம்ம தெர்மாமீட்டர் அக்கா சொல்ல மாட்டாங்க" என்று மேலாளரே வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள குமிழைத் தொட அவளுக்கு மட்டும்தான் அனுமதி.

[சிங்க். சிங்க்தான் அந்தச் சொல். இப்போது வந்து என்ன பிரயோஜனம்.]

இந்த முறை ஒரு காலையில் அவள் முட்டையை இமையில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதுவும் அப்படியே. மீட்டர் சரியான எண்ணைத்தான் காட்டியது. ஆனால் பொய் சொல்லிப் பழகிய மீட்டர் அது. குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டினாள். மறுநாள் காலையும் முட்டை குளிர்ந்தே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அதற்கடுத்து ஒரு மதியம் இமையில் வைத்தபோது சுரீர் என்றது. பதறிப்போய்க் குறைத்தாள். மீட்டருக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்த ஈடு முன்னதாகவே பொரிந்துவிட்டது. ஓட்டைக் குத்தி உடைக்கப் பல குஞ்சுகளின் [வாய்க்கு முன்னால் கூராக இருக்குமே, எல்லாப் பறவைக்கும் இருக்குமே] க்கு வலுவில்லை. வெளியே வந்தவற்றுக்குத் தொப்புள் மூடவில்லை. கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, எழுந்திருக்க முடியாமல் ஈரமாகக் கிடந்தன. அவற்றை என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். அக்கா வேறு யாரையும் தொடவிடவில்லை. ட்ரே ட்ரேயாக அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

"வயசாயிடுச்சுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேலாளர். "கண்ணு மந்தமாயிடுச்சு. பேசாம ட்ரே கழுவுற பக்கம் போயிடுங்களேன். அங்க தப்பு நடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

திங்கட்கிழமை முதலாளி வருகிறார். இத்தனை குஞ்சுகள் போனதற்கு அவர் முன்னால் அக்கா காரணம் சொல்ல வேண்டும். சொல்லும் காரணத்தைப் பொறுத்து, இன்குபேட்டர் அறை அவளுக்கு உண்டா இல்லையா என்று முடிவாகும். அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். விசிறிச் சண்டை நடந்த அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தாள்.

4

எழுதுகிறவளாக எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். அரை டிகிரி வித்தியாசத்தை இமையில் அறிகிறவளுக்குத் தன் உடம்பு கொதிப்பது தெரியாமலா இருக்கும்? என்னிடம் கதை எழுதப் பழக வருகிறவர்கள் இப்படி ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தால், நம்பும்படி இல்லை என்று திருப்பிக் கொடுப்பேன். அக்காவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவளிடமே கேட்டேன்.

"தெரியாம என்ன. சூடு ஏறுச்சுதான். அந்த ரூமே சூடான ரூம்டி. அங்க நின்னா வேர்க்காம பனியா பெய்யும்?"

"மாசாமாசம் வர்றது?"

"அதான் வந்துட்டுத்தானே இருக்கு. ஒரு மாசம் ஏமாத்தும், அடுத்த வாட்டி ரெண்டு வாரத்துலயே வந்து நிக்கும். ஆனா வருதே. நின்னாத்தானே அது? அதுக்கெல்லாம் அம்பது தாண்டணும்."

பாருங்கள், இதைத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குழாயை மூடுவது போல நின்றுவிடும், தொல்லையெல்லாம் அதற்குப் பிறகு என்று. நிற்பதற்குப் பல வருஷம் முன்பே, இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே, உடம்பு சொல்லத் தொடங்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்கு அலமாரி நிறையப் புத்தகம். அந்தப் புத்தகங்களில் பெண்கள் வயதுக்கு வருகிறார்கள், காதலிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பக்கத்தைத் திருப்பினால் தலை நரைத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இருந்த வருஷங்களை யார் கிழித்துக்கொண்டு போனார்கள்?

அக்கா டாக்டரிடம் போகாதவளும் அல்ல. நெஞ்சு படபடக்கிறது என்று இதய டாக்டரிடம் போனாள். அவர் ஈசிஜி எடுத்துவிட்டு, எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறையுங்கள் என்றார். இடது தோள் இறுகி, கையைத் தூக்கிச் சடை பின்ன முடியாமல் போனபோது எலும்பு டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். தூக்கம் வரவில்லை என்றதற்கு மருந்துக் கடைக்காரரே ஒரு மாத்திரையைக் கொடுத்தார். குஞ்சுகள் போன பிறகு அக்கா நேராக ஓடியது கண் டாக்டரிடம். இமை வேலை செய்யவில்லையே, அதனால். கண் வறண்டிருக்கிறது என்று சொட்டு மருந்து கிடைத்தது.

ஆளுக்கொரு துண்டாக அவளைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற ஒரே கேள்வியை ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்க அவர்களுக்குக் கூச்சமாம். கத்தி எடுத்து நெஞ்சைப் பிளக்கக் கூச்சமில்லை.

5

சனிக்கிழமை மதியம் எனக்குச் சூடு ஏறியது. நேராகச் சமையலறைக்குப் போனேன். அங்கே ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து, ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

"தள்ளு" என்றேன்.

"என்ன வேணும்? ஐஸா?"

"ஒண்ணும் வேணாம். நானும் தலையை விடணும்."

அக்கா தலையை வெளியே எடுத்துத் திரும்பினாள். முகம் சிவந்து, மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. என் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு எங்கேருந்து கெளம்புது?"

"நெஞ்சுலேருந்து."

"காதுல வந்து நிக்குமா?"

"நிக்கும். அப்புறம் படக்குனு எறங்கிக் குளுரும்."

"குளுரும்" என்று அக்காவும் சொன்னாள். ஃப்ரீசர் கதவைச் சாத்தினாள். அம்மாவின் வாளி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. யார் முதலில் சொன்னோம் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததை என் கற்பனையில் நான் எழுதியிருக்கவே முடியாது. ஃப்ரிட்ஜிலிருந்து முட்டைகளை எடுத்தாள். வெந்நீரை விளாவி அதில் போட்டாள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கித் தண்ணீருக்குள் வைத்து, ஆற ஆற வெந்நீர் ஊற்றி, இன்குபேட்டர் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு முட்டையைத் துடைத்து இமையில் வைத்தாள். "இதமா இருக்கு. சரியான சூடு" என்றாள். பிறகு அடுத்த தடவை உடம்பில் சூடு ஏறட்டும் என்று மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். கடைத்தெருவில், பஸ்ஸில், ஆள் கூட்டத்தில் எல்லாம் கேட்காமலே வருகிற சனியன், காத்திருக்கும்போது வரவில்லை. நாங்கள் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் வந்தது. அவள் கழுத்து சிவந்து ஏறுவதை நான் பார்த்தேன். அக்கா முட்டையை எடுத்து இமையில் வைத்தாள்.

"ஒண்ணும் தெரியல" என்றாள். "தெரியல. செத்த முட்டை மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார் வீட்டுக்காரர்.

"தம்பி, கொஞ்சம் கண்ணை மூடுங்க."

"எதுக்கு அண்ணி?"

"மூடுங்க, சொல்றேன்."

அதே முட்டையை அவர் இமையில் வைத்தாள். அவர் தம்ளரைப் பிடித்தபடி ஆடாமல் நின்றார். "கதகதன்னு இருக்கு அண்ணி. நல்லாருக்கு" என்றார்.

அக்கா முட்டையை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "முட்டை மாறல. அந்த மீட்டரும் பொய் சொல்லல. என் கண்ணும் கெட்டுப்போகல. நான்தான் சூடா இருந்திருக்கேன். சூடான தோலுக்கு அது சூடாத் தெரியல, ஏத்திவிட்டுட்டேன். குளுந்து போயிருந்தப்ப வெச்சுப் பார்த்துட்டு எறக்கிவிட்டேன்." அவள் குரல் ஏறியது. "ஒருத்தர் சொல்லியிருந்தா போதுமேடி. இந்த வயசுல இப்படி வரும்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, சூடு எறங்கட்டும்னு பத்து நிமிஷம் பொறுத்து வெச்சுப் பார்த்திருப்பேனே. அத்தன குஞ்சும் பொழச்சிருக்குமே."

அவள் அழவில்லை. மேஜையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். முட்டை உருண்டு கீழே விழுந்து உடைந்தது. வீட்டுக்காரர் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். பிறகு போய் விசிறியை ஐந்தில் வைத்தார். இதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது வேறு கதை.

சாயங்காலமே இருவரும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார். படபடப்பு, தோள், தூக்கம், வறண்ட கண், ஏமாற்றும் மாதம், காரணமில்லாத ஆத்திரம். "ஆமா, அதோட தொடக்கம்தான். மருந்து இருக்கு, பயப்படாதீங்க. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானேம்மா" என்று சிரித்தார்.

எல்லோருக்கும் வருவது என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே டாக்டர். இதை நான் அவரிடம் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் இங்கே கேட்கிறேன்.

6

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார்.

"பிரமாதம் மேடம். முக்கியமா அந்த அடைப்புக்குறி உத்தி. சொல் வராம நிறுத்திட்டு, வாசகனையே நிரப்ப வெக்கறீங்க பாருங்க. மொழியோட போதாமைய எவ்வளவு அழகா"

"அது உத்தி இல்ல சார்."

"புரியல மேடம்."

"எனக்கு அந்தச் சொல் வரல. அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். எழுத்தாளர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்திருப்பார்.

உங்களிடம் சொல்கிறேன். பல மாதங்களாக எனக்குச் சொற்கள் வருவதில்லை. பெரிய சொற்கள் அல்ல, அவை அழைத்தவுடன் வருகின்றன. போதாமை, இருத்தல், அந்நியமாதல் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சிங்க் வருவதில்லை. சாவி வருவதில்லை. ஒருமுறை வகுப்பில், ஜன்னலில் தொங்கும் துணியைக் காட்டி, "அதை இழுத்துவிடுங்க, அதை" என்று கத்தினேன். எதை என்று கேட்ட பெண்ணைத் திட்டி வெளியே அனுப்பினேன். சொல் விற்றுப் பிழைக்கிறவள் நான். மூளை கரைகிற நோய் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அதற்கான டாக்டர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். இனி என்னால் ஒரு புத்தகமும் எழுத முடியாது என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை, அக்காவின் கதையைச் சொல்லி முடித்த பிறகு, நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே, "எனக்குச் சொல் மறக்குது டாக்டர்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுவும் இதுல ஒண்ணுதான். பெரும்பாலும் சரியாயிடும்" என்றார்.

இத்தனை மாதப் பயத்துக்கும் பதில் அந்த இரண்டே வாக்கியம்தான். அதை முன்னாலேயே சொல்ல இந்த உலகத்தில் எவருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அந்த நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும் போலத்தான் இருந்தது.

அலகு. குஞ்சுகளின் அலகுக்கு வலுவில்லை. மேலே போய் நிரப்பவில்லை. அந்த ஓட்டை அங்கேயே இருக்கட்டும்.

7

இனி முடிவு. சொல்ல வேண்டிய காரணம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சொல்வாளா?

முடிவு ஒன்று. அக்கா திங்கட்கிழமை போய் உள்ளதைச் சொல்கிறாள். முதலாளி கவனமாகக் கேட்டு, "இது எங்களுக்குத் தெரியாம போச்சேம்மா" என்று சொல்லி, அறையை அவளிடமே

எழுதக் கை வரவில்லை. சிறப்பிதழுக்கு மிகவும் பொருந்தும்.

முடிவு இரண்டு. அக்கா உள்ளதைச் சொல்கிறாள். முதலாளி கேட்டுவிட்டு, மிகவும் மரியாதையாக, "அப்ப இந்த வயசுல லேடீஸை மெஷின் ரூம்ல வெக்கறது ரிஸ்க்தான், இல்ல?" என்று மேலாளரிடம் கேட்கிறார். ஒரே வாரத்தில் அது விதியாகிவிடுகிறது.

இதை நான் கற்பனையில் பிடிக்கவில்லை. அக்காவோடு அதே ஷிப்டில் வேலை பார்க்கிற, எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிற பெண் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். ஒல்லி அக்காவைவிட ஓரிரண்டு வயது இளையவள். அவளும் சில காலமாகக் கழுத்தில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறாள் என்று அக்கா சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அதை மட்டும் அங்க சொல்லிடாதீங்க. உங்களைச் சாக்கா வெச்சு எங்க எல்லாரையும் வெளிய தள்ளிடுவாங்க. கண்ணுல கோளாறுன்னு சொல்லிடுங்க. கண்ணாடி போட்டுக்கறேன்னு சொல்லுங்க. கண்ணாடின்னா யாரும் சிரிக்க மாட்டாங்க."

"கண்ணுல கோளாறுன்னா மட்டும் என்னை உள்ள விடுவாங்களாடி?"

"தெரியலக்கா" என்றாள் ஒல்லி.

முடிவு மூன்று. அக்கா கண்ணில் கோளாறு என்று சொல்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் ட்ரே கழுவப் போகிறாள். ஒல்லி இன்குபேட்டர் அறைக்கு வருகிறாள். ஒரு காலையில் ஒல்லி முட்டையை எடுத்து இமையில் வைக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. குமிழை நோக்கிக் கை

இந்த முடிவுதான் மிகவும் கச்சிதமாக வருகிறது. கதையும் வட்டமாக முடிந்துவிடும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா இதுவரை உள்ளதை வாங்கிப் படித்தாள். ஃப்ரிட்ஜ் வருமிடத்தில் சிரித்தாள். ட்ரே ட்ரேயாகத் தூக்கிப்போன இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் கழித்து மறுபடி எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"முடிவு எங்க?"

"இன்னும் எழுதல."

"நீ எழுதி வெச்சிருப்ப, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போய் நாளைக்குச் சொல்லிடலாம்னு பார்த்தேன்." கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவள் அதற்காகத்தான் படித்திருக்கிறாள். "இத்தன புஸ்தகம் எழுதியிருக்க. நாலு ஆம்பளைங்க முன்னாடி நின்னு இதைச் சொல்றதுக்கு உனக்கே வார்த்தை வரலயா?"

"வரலக்கா."

அவள் தாள்களைத் தட்டி அடுக்கி என்னிடம் நீட்டினாள். "அப்ப எதுக்குடி எழுதற" என்றாள்.

நான் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று திங்கட்கிழமை. காலையில் அவள் கிளம்பும்போது கைப்பையில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும், துண்டில் சுற்றிய ஒரு முட்டையும், என் தெர்மாமீட்டரும் இருந்தன. என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்க போனா வாய்க்கு வர்றதுதான்" என்றாள். நான் இதை எழுதும் நேரத்தில் அவள் பொரிப்பகத்தின் அலுவலக அறைக்குள் போயிருப்பாள். அந்த அறையைப் பற்றி அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கண்ணாடி போட்ட மேஜை. சுவரில் ஏசி, அதன் ரிமோட் எப்போதும் மேலாளர் கையில். முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம். கதவோரம், கழுவிய ட்ரேக்களைக் கொண்டுவந்த சாக்கில் ஒல்லி, கழுத்தில் கைக்குட்டையோடு. சுவர் ஓரம் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

அதில் உங்களை உட்கார வைக்கிறேன். நீங்கள் ஆணோ பெண்ணோ, எனக்குக் கவலையில்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டு, வெளியே நின்று வேடிக்கை பார்க்க உங்களை விடுவதாக இல்லை.

"சொல்லுங்கம்மா, என்னதான் ஆச்சு?" என்று முதலாளி கேட்கிறார்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சூடு ஏறுகிறது. கழுத்து சிவக்கிறது, மேலுதடு வேர்க்கிறது. ஏசி ஓடும் அறையில் இந்த அம்மாளுக்கு மட்டும் வேர்ப்பதைப் பார்த்து மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். அடக்கிக்கொண்டு, நீங்கள் சிரிக்கிறீர்களா என்று உங்களைப் பார்க்கிறார். நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். முதலாளியும் உங்களைத்தான் பார்க்கிறார். ஒல்லியும்.

அக்கா துண்டைப் பிரித்து, உள்ளே வருவதற்கு முன் ஃபிளாஸ்க் வெந்நீரில் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்த முட்டையை வெளியே எடுக்கிறாள். முதலாளியிடம் போகவில்லை. உங்கள் நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்கிறாள்.

"கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது.